ஊருக்கொரு சம்சாரம்

1986இல் ஏவி.எம். தயாரித்து விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' ஓடு ஓடு என்று ஓடியது. கதை நன்றாக இருக்கிறது என்று மற்ற மொழிக்காரர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். தெலுங்கில் 'சம்சாரம் ஒக சதரங்கம்' (1987). இந்தியில் 'சன்சார்' (1987). மலையாளத்தில் 'குடும்பபுராணம்' (1988). தெலுங்கில் மின்சாரம் போய்ச் சதுரங்கம் வந்தது, சம்சாரம் தங்கிவிட்டது. இந்தியில் அது மட்டுமே மிஞ்சியது. மலையாளத்தில்தான் அதற்கு இடமில்லாமல் போனது. அதே பெயரை அங்கே வைத்திருந்தால், சுவரொட்டியைப் பார்த்தவர்கள் 'பேச்சு' என்று படித்திருப்பார்கள். விசு படத்துக்கு அதுவும் பொருந்தாத தலைப்பில்லை.

பெயர் தங்கிய இடத்திலும் பொருள் தங்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. தமிழ்க் காதுக்குச் சம்சாரம் என்றால் முதலில் மனைவி. தெலுங்கில் குடும்பம். இந்தியில் உலகம். இந்தியாவைத் தாண்டிப் போனால் இன்னும் வினோதம்: தாய்லாந்தில் இரக்கம், கம்போடியாவில் காதலன் அல்லது காதலி, இந்தோனேசியாவில் துன்பம். எல்லாம் ஒரே சொல். எங்கிருந்து கிளம்பியது என்பதிலும் சந்தேகமில்லை.

சமஸ்கிருதத்தில் 'ஸ்ரு' என்ற வேருக்கு ஓடுதல், நகர்தல் என்று பொருள். ஆற்றைக் குறிக்கும் 'ஸரித்' என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். முன்னால் 'ஸம்' சேர்ந்தால் இடைவிடாத ஓட்டம், சுற்றித் திரிதல். கட உபநிடதத்தில் உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் சொல்லும் புகழ்பெற்ற பகுதியில் இந்தச் சொல் வருகிறது: மனத்தை அடக்காதவன் முக்தி என்ற நிலையை அடைவதில்லை, சம்சாரத்துக்கே போய்ச் சேர்கிறான். பிறந்து, இறந்து, மறுபடி பிறக்கும் முடிவில்லாத சுழற்சி என்ற இந்தப் பொருளில்தான் பௌத்தரும் சமணரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அதாவது புறப்படும்போது இது துறவிகளின் கலைச்சொல். வீடு, வாசல், பெண்டாட்டி, பிள்ளை எதுவும் அதற்குள் இல்லை.

பௌத்தம் சீனத்துக்கும் திபெத்துக்கும் போனபோது அங்கே இருந்தவர்கள் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் ஒலியோடு எடுத்துக்கொள்ளவில்லை, மொழிபெயர்த்தார்கள். சீனத்தில் 'லுன்ஹுய்', சக்கரம் போலச் சுழன்று வருதல். திபெத்திய மொழியில் 'கோர்வா', சுழலுதல். இரண்டும் இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே பொருளில் நிற்கின்றன. ஆக, சொல்லின் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்ட இடங்களில் பொருள் பத்திரமாக இருக்கிறது. ஒலியை எடுத்துக்கொண்ட இடங்களில்தான் அது கை நழுவிப் போயிருக்கிறது. எல்லா இடத்திலும் என்று சொல்ல முடியாது. சிங்களத்தில் 'சங்சாரய' என்றாலும் 'சசர' என்றாலும் பிறவிச் சுழல்தான், பர்மியத்தில் 'தந்தயா' என்றாலும் அதுதான். அங்கெல்லாம் பிக்குகள் வாரந்தவறாமல் அந்தச் சொல்லை அதே பொருளில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சொல் வழிதவற வாய்ப்பில்லை.

ஆனால் தாய்லாந்தும் பௌத்த நாடுதானே, அங்கே மட்டும் எப்படி? தாய் மொழியில் 'சொங்சான்' என்றால் இரக்கப்படுவது. மழையில் நனைந்து நிற்கும் நாய்க்குட்டியைப் பார்த்து 'நா சொங்சான்' என்பார்கள், பார்க்கவே பாவமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறவிச் சுழலைச் சொல்ல 'சங்சாரவட்' என்ற முழு நீளச் சொல் தனியாக இருக்கிறது. ஏடுகளில் நீளச் சொல், தெருவில் குட்டிச் சொல் என்று வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். சுழலில் அகப்பட்டுத் தவிக்கும் உயிர்களைப் பார்த்தால் என்ன தோன்ற வேண்டும் என்று பௌத்தம் சொன்னதோ, அந்த உணர்ச்சிக்கே சுழலின் பெயர் போய்விட்டது.

இதைக் கேட்டு நாம் ஆச்சரியப்பட உரிமை இல்லை. 'பாவம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செய்யக்கூடாததைச் செய்வது பாவம். ஆனால் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கும் பாட்டியைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிறோம். பாட்டி எந்தப் பாவமும் செய்யவில்லை. போன பிறவியில் என்ன பாவம் செய்தாளோ இப்படிக் கஷ்டப்படுகிறாள் என்று தொடங்கிய எண்ணம், நடுவில் இருந்த விளக்கமெல்லாம் உதிர்ந்து, வெறும் இரக்கமாக நின்றுவிட்டது. மலையாளத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், 'பாவம்' என்றாலே அப்பாவி, ஏழை. குற்றத்தின் பெயர் அப்பாவிக்கே வந்துவிட்டது. தாய் மொழிக்காரர்கள் சம்சாரத்தில் செய்ததை நாம் பாவத்தில் செய்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கம்போடியாவில் கெமர் மொழியில் 'சொங்சா' என்றால் காதலர். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இளைஞர்கள் சாதாரணமாகப் பேசும்போது 'உனக்குச் சொங்சா இருக்கா?' என்று கேட்டுக்கொள்ளும் சொல். இரக்கத்திலிருந்து காதலுக்கு ஓர் எட்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழந்தமிழில் 'அளி' என்ற சொல் இரக்கத்துக்கும் உண்டு, அன்புக்கும் உண்டு. 'அளியள்' என்று சங்கப் பாட்டில் வந்தால், இரங்கத் தக்கவள் என்று எடுப்பதா, அன்பு செய்யத் தக்கவள் என்று எடுப்பதா என்று பார்க்க வேண்டியிருக்கும். பல இடங்களில் இரண்டும்தான். தவிர, காதலைப் பற்று, கட்டு, தளை என்றெல்லாம் சொல்வது எந்த மொழிக்கும் புதிதல்ல. துறவி எதை விட்டு ஓடச் சொன்னாரோ அதையே கெமர் இளைஞன் தேடிக்கொண்டிருக்கிறான்.

மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'செங்சாரா' என்றால் துன்பம், அவதி. 7ஆம் நூற்றாண்டில் சுமத்ராவின் ஸ்ரீவிஜயம் பெரிய பௌத்த மையம். சீனத் துறவி இ-சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் அங்கே தங்கிச் சமஸ்கிருதம் படித்திருக்கிறார். அந்தக் காலத்துச் சமஸ்கிருதச் சொற்கள் ஏராளமாக மலாயில் தங்கின. அப்புறம் இஸ்லாம் வந்தது. மறுபிறவி என்ற நம்பிக்கை போனது. சுழற்சி போன பிறகு சொல்லில் என்ன மிச்சம்? வாழ்க்கை துன்பம் என்ற பகுதி மட்டும். மதம் மாறிய ஒரு சமூகத்தில் பழைய மதத்தின் கலைச்சொல் எப்படி உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

1920இல் மெராரி சிரேகார் எழுதிய 'அசாப் டான் செங்சாரா' என்ற நாவலை இந்தோனேசியாவின் முதல் நவீன நாவல் என்று பலரும் சொல்வார்கள். அதில் 'அசாப்' அரபுச் சொல், வேதனை. 'செங்சாரா' நம் சம்சாரம். இரண்டு மதங்கள் கொண்டுவந்த இரண்டு சொற்கள் ஒரே தலைப்பில் ஒரே வேதனையைச் சொல்கின்றன. கதையும் மனத்துக்குப் பிடிக்காத கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு அல்லல்படும் ஒரு பெண்ணைப் பற்றியது. இன்னொரு மதமும் இதைப் பயன்படுத்திக்கொண்டது: இந்தோனேசியக் கிறிஸ்தவர்கள் இயேசுவின் திருப்பாடுகளைச் சொல்லும் சொல் 'செங்சாரா'தான். பிறவிச் சுழலைக் குறித்த சொல் சிலுவைப்பாட்டுக்குப் போய்ச் சேரும் என்று கட உபநிடதம் சொன்னவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். மலேசியத் தமிழர்களுக்கு வீட்டில் ஒரு சம்சாரம், மலாய் பேசும்போது ஒரு செங்சாரா. இதை வைத்து என்ன நகைச்சுவை பண்ணலாம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். பிறவிச் சுழல் எப்படிக் குடும்பம் ஆனது? இதற்குத் துறவி பூனை வளர்த்த கதையே போதும். கோவணத்தை எலி கடிக்கிறது என்று ஒரு சாமியார் பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டுமென்று மாடு வாங்கினார். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். சந்நியாசி சம்சாரி ஆனார். தமிழிலும் சொல்கிறோம், வங்கத்தில் ராமகிருஷ்ணரும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையில் சம்சாரத்துக்கு எதிர்ச்சொல் சந்நியாசம், அதைக் கவனிக்க வேண்டும். முக்தியா சம்சாரமா என்பது தத்துவத்தின் கேள்வி. சந்நியாசியா சம்சாரியா என்பது ஊர்க்காரர்களின் கேள்வி. இரண்டாவது கேள்விதான் தினமும் காதில் விழுந்தது. அதனால் சுழலில் கிடப்பவன் என்ற பொருள் தேய்ந்து, கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்துகிறவன் என்று ஆகிவிட்டது.

வங்க மொழியில் 'ஷொங்ஷார்' என்றால் குடும்ப வாழ்க்கை, வீட்டு நிர்வாகம் எல்லாம் சேர்ந்தது. சத்யஜித் ராயின் 'அபூர் சன்சார்' (1959) ஆங்கிலத்துக்குப் போகும்போது 'அபுவின் உலகம்' ஆயிற்று. வங்காளி அந்தத் தலைப்பில் முதலில் கேட்பது அபு கட்டிக்கொண்ட குடித்தனத்தை. உலகம் என்று மொழிபெயர்த்தது தப்பில்லை, ஆனால் படத்தின் பாதி அந்தச் சின்ன அறையில் புது மனைவியோடு நடக்கும் வாழ்க்கையில் அல்லவா இருக்கிறது.

மராத்தியில் இது இன்னும் கெட்டியான பொருளாகிவிட்டது. அங்கே 'சன்சார்' என்றால் குடித்தனம் மட்டுமில்லை, குடித்தனத்தின் தட்டுமுட்டுச் சாமான்களும்தான். வெள்ளமோ தீவிபத்தோ வந்தால் மராத்திப் பத்திரிகைகளில் 'சன்சார் உகட்யாவர்' என்று போடுவார்கள். சம்சாரம் வெட்டவெளிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பாத்திரம், பாய், அரிசி டப்பா, பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் நனைந்து தெருவில் கிடக்கின்றன, பக்கத்தில் குடும்பம் நிற்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு சம்சாரம். நிலையில்லாதது என்று துறவிகள் சொன்ன சொல்லுக்கு, அண்டாவும் குண்டாவும் பொருளாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.

தமிழுக்கு வந்தபோது இந்தச் சொல்லுக்கு உட்கார இடமே கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு. உலகம் என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது. பிறவிச் சுழலுக்குப் 'பிறவிப் பெருங்கடல்' என்று குறளின் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. குடும்ப வாழ்க்கைக்கு 'இல்வாழ்க்கை' என்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்துவிட்டார். ஆகவே இங்கே சம்சாரம் முதலில் ஒதுங்கியது மதத் துறையில். தமிழும் சமஸ்கிருதமும் கலந்த வைணவ உரையாசிரியர்களின் மணிப்பிரவாள நடையில் 'சம்சாரிகள்' என்றால் உலகப் பற்றில் உழலும் நாமெல்லாரும். அப்புறம் குடும்பம் என்ற பொருள் பேச்சில் பரவியது. 1951இல் ஜெமினி 'சம்சாரம்' என்று ஒரு படம் எடுத்தபோதும் அது குடும்பத்தைத்தான் குறித்தது.

மனைவி என்ற பொருள் எங்கிருந்து வந்தது? அந்தக் கால ஆண்பிள்ளை, அந்நியர் முன்னால் மனைவியின் பெயரைச் சொல்ல மாட்டார். 'பெண்டாட்டி', 'பொஞ்சாதி' என்றால் வீட்டுக்குள் பேசுகிற மாதிரி இருக்கும், கொஞ்சம் கரடுமுரடும்கூட. 'மனைவி' என்றால் பாடப்புத்தகம். நடுவில் கௌரவமான ஒரு பேச்சுச்சொல் இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் சம்சாரம் போய் உட்கார்ந்தது. டாக்டரிடம் 'சம்சாரத்துக்கு நாலு நாளா காய்ச்சலுங்க' என்று சொன்னால், பேரும் சொல்லவில்லை, மரியாதையும் குறையவில்லை. சொல் அஃறிணை மாதிரி இருந்தாலும் வினை மட்டும் 'சம்சாரம் ஊருக்குப் போயிருக்காங்க' என்று உயர்திணையில் முடியும்.

வீட்டின் பெயரால் மனைவியைச் சொல்வது தமிழனின் தனிக் கூச்சமும் இல்லை. இல்லாள், மனைவி இரண்டுமே வீட்டிலிருந்து வந்தவைதான். பழைய தலைமுறை மராத்திக்காரர் மனைவியைக் 'குடும்ப்' என்பார். பழைய வங்காளி 'பொரிபார்' என்பார், அதற்கும் குடும்பம் என்றுதான் பொருள். மலாயில் 'ஓராங் ரூமா', வீட்டு ஆள். ஜப்பானில் தன் மனைவியைச் சொல்ல 'கனாய்', வீட்டுக்குள் இருப்பவர். 'வீடு என்பது வீடல்ல, இல்லத்தரசியே வீடு' என்று சமஸ்கிருதத்திலும் ஒரு பழமொழி உண்டு. கணவனை யாரும் எந்த ஊரிலும் 'என் சம்சாரம்' என்று சொன்னதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குடும்பத்தைச் சுமப்பது யார் என்பதில் சொல்லுக்குச் சந்தேகமே இல்லை.

தமிழுக்குள்ளேயே இன்னொரு கிளை இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் 'சம்சாரி' என்றால் விவசாயி. 'நாங்க சம்சாரிங்க, மழைய நம்பிப் பொழைக்கிறவங்க' என்பார்கள். மனைவியோடும் அதற்குச் சம்பந்தமில்லை, முக்தியோடும் இல்லை. பருத்தியும் கம்பும் போட்டு, மாடு கன்று வைத்து, நிலத்தோடு கட்டுண்டு கிடப்பவர் சம்சாரி. ஊரில் நிலையாகக் குடியிருந்து குடும்பத்தோடு பாடுபடுகிறவர் என்ற வழியில் இது வந்திருக்க வேண்டும். வைணவ உரைக்காரரின் சம்சாரியும் கரிசல் சம்சாரியும் நேரில் சந்தித்தால், ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு விளங்காது. இரண்டும் தமிழ்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பிரச்சினையே குறைவு. அங்கே மனைவி என்றால் 'மனுசி'. மனிதப் பிறவி என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது, வேறு என்ன வேண்டும்.

கடைசியாக மலையாளம். அங்கே 'சம்சாரிக்கருது' என்றால் பேசாதே. மலையாளத்திலும் பக்தி நூல்களில் சம்சாரதுக்கம், சம்சாரசாகரம் என்று பழைய பொருள் உண்டு. தெருவில் மட்டும் பேச்சு. இது எப்படி என்று பலருக்குக் குழப்பம். ஆனால் உலகத்தில் இருப்பது என்றால் நாலு பேரோடு பழகுவது, பழகுவது என்றால் பேசுவது என்று கோர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது. ஆங்கிலத்தில் 'கான்வர்சேஷன்' என்ற சொல்லும் இதே பாதையில்தான் நடந்தது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அதற்கு நடத்தை, வாழும் முறை என்று பொருள். இன்றைக்கு உரையாடல். தமிழிலும் 'அந்த ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது' என்றால், வாய் பேசுவதில்லை என்பதோடு நிற்கிறதா? நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை, உறவே அறுந்துவிட்டது என்று அர்த்தம். நாம் பேச்சைச் சொல்லி உறவைக் குறிக்கிறோம். மலையாளி உறவாடும் உலகத்தைச் சொல்லிப் பேச்சைக் குறிக்கிறார்.

சம்சாரம் மட்டும்தான் இப்படி என்று இல்லை. 'அவகாசம்' தமிழில் நேரம், மலையாளத்தில் உரிமை, தெலுங்கில் வாய்ப்பு, இந்தியில் விடுமுறை. இந்தியில் 'சிக்ஷா' கல்வி, மராத்தியிலும் மலையாளத்திலும் 'சிக்ஷ' தண்டனை. தமிழ் பைபிளில் வரும் 'சிட்சை' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, திருத்துவதற்காக அடிப்பது. சமஸ்கிருதம் தெரிந்தால் எல்லா இந்திய மொழியும் பாதி புரியும் என்று சொல்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது. எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். புரிந்துவிட்டது என்று நம்பிக் கையெழுத்துப் போட்டால் வம்பு.

'மூலத்தில் பிறவிச் சுழல், அதைப் போய் மனைவி என்கிறார்களே, கொச்சை' என்று சில பண்டிதர்கள் சலித்துக்கொள்வதுண்டு. எனக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடில்லை. மூலப் பொருள்தான் சரி என்றால், உலகம் என்று சொல்லும் இந்திக்காரரும் தப்பு, அண்டா குண்டா என்று சொல்லும் மராத்திக்காரரும் தப்பு, இரக்கப்படும் தாய்லாந்துக்காரரும் தப்பு. இத்தனை பேரும் தப்பு என்றால் 'தப்பு' என்ற சொல்லுக்குத்தான் அர்த்தம் போய்விடும். ஒரு மொழி கடன் வாங்கும்போது அதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எது வேண்டும் என்பதை ஏற்கெனவே வீட்டில் என்னென்ன சொல் இருக்கிறது என்பதும், கொண்டுவந்தவர் பிக்குவா வியாபாரியா கதை சொல்கிறவரா என்பதும் முடிவு செய்கின்றன. சமஸ்கிருதத்திலேயே அது ஓடுதல் என்ற சாதாரண வினையிலிருந்து தத்துவச் சொல்லாக மாறியதுதானே? அதை யாரும் கொச்சை என்று சொல்லவில்லை.

தமிழில் மனைவி என்ற பொருள் இப்போது மங்கிக்கொண்டு வருகிறது. விண்ணப்பப் படிவத்தில் 'மனைவி', பேச்சில் 'வைஃப்', கொஞ்சம் பெரிய இடமென்றால் 'மிஸஸ்'. சம்சாரம் என்று சொல்கிறவர்களுக்கு இப்போது அறுபது வயதாவது இருக்கும். இதற்கு நடுவில் அதே சொல் ஆங்கிலம் வழியாக இரண்டாவது தடவை உள்ளே வந்திருக்கிறது. 1989இல் பிரான்சின் கெர்லான் நிறுவனம் 'சம்சாரா' என்று ஒரு வாசனைத் திரவியம் போட்டது. யோகா வகுப்பு, தியான வீடியோ எல்லாவற்றிலும் இப்போது 'சம்சாரா'. கடைசி எழுத்தை நீட்டிச் சொல்வதால் அது தாத்தா சொன்ன சம்சாரம்தான் என்று பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 'சம்சாராவிலிருந்து விடுபடுவது எப்படி' என்று பேரன் காணொளி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டால், தாத்தா வேறு மாதிரிதான் கவலைப்படுவார்.